அருளின் பெட்டிக்குப் பின்பக்கம்

என் செல்லக் கள்ளா, அருள்,

செத்துப்போன தம்பிக்கு ஒரு நாள் நான் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், இதைச் சொல்கிற ஆளுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் முதலில் யோசித்திருப்பேன். உனக்குத் தெரியாததா? பால்காரர் சிரித்தால் உடனே பாலை எட்டிப் பார்க்கிறவள் நான். காலமெல்லாம் ஆடிட் ஆபீசில் அடுத்தவர் கணக்கைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கினேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், புத்தி மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

இதை நம் சர்ச் பங்கு மடலில் போடுவதற்குக் கொடுக்கப் போகிறேன். உன் மறைவுச் செய்தியைப் போட்டார்களே, அதே மடலில். அதனால் உன்னோடு சேர்ந்து பங்கில் உள்ள எல்லோரும் படிப்பார்கள். ஏன் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது போகப் போக உனக்கே தெரியும். தெரிந்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் உன்மேல் கோபம்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. எதிரில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். இருந்த ரெண்டு மாமரமும் போச்சு. மூன்று மாடி எழும்புகிறது. அதைக் கட்டுகிற ஆள் தினமும் நம் வாசலைப் பார்த்துப் பார்த்துப் போகிறான், ‘ஊட்டா ஆய்த்தா அம்மா’, சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் குசலம் வேறு. வீட்டுக்கு விலை கேட்கத்தான் இந்தக் குழைவு. கேட்கட்டும், காக்ஸ் டவுன் மார்க்கெட் வரைக்கும் துரத்தாமல் விடமாட்டேன்.

உன் பின்னறை அப்படியேதான் இருக்கிறது. பெட்டியும் அங்கேயே. படிப்பவர்களுக்காக அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ காதைப் பொத்திக்கொள், எனக்குத் தெரிந்த மட்டில்தான் சொல்வேன். சின்தசைசர் என்றால் கல்யாண மேடையில் வாசிக்கும் கீபோர்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீ செய்தது மாடுலர். ஒரு பெரிய மரச்சட்டம், அதில் வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் குமிழ்கள். ஒவ்வொரு தகடும் தனித்தனி மிஷின். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதைச் சீவி மெலிதாக்கும், ஒன்று ஏற்றி இறக்கும். இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகட்டுக்கு வயரைச் சொருகினால்தான் வாயைத் திறக்கும். வெளிநாட்டில் இதைக் கடையில் வாங்க ஒரு கார் விலை ஆகுமாம். நீ எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக் கடைகளில் ஐ.சி. சிப்பும் ரெசிஸ்டரும் பொறுக்கி, சிவாஜிநகரில் தகடு வெட்டி, வீட்டிலேயே செய்தாய்.

நீ இதை ஆரம்பித்த வருஷம் எனக்கு மறக்காது. தண்ணீர்த் தகராறில் நம் ஆட்கள் பஸ்ஸில்கூட தமிழில் பேச யோசித்துக்கொண்டிருந்த டிசம்பர் அது. நீயோ பின்னறையில் உட்கார்ந்து ‘உய்ய்ய்’ என்று ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தாய். யாரோ போய்ச் சொல்லி, ஒரு கான்ஸ்டபிள் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தால் மேஜை முழுக்க வயர், நடுவில் ஒரு சிவப்பு பல்பு வேறு மினுக்கு மினுக்கென்று எரிகிறது.

“ஏனம்மா இது?” என்றார், என்னம்மா இது என்று அர்த்தம்.

“கிறிஸ்மஸ் ஸ்டார் ரிப்பேரி சார்” என்றேன் கன்னடத்தில்.

அவர் நம்பிவிட்டுத் திரும்புகிற நேரத்தில், “சவுண்டு கேக்குறீங்களா சார்?” என்று நீ உள்ளேயிருந்து ஆசையாய்க் கூப்பிட்டாய் பார். உன் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும். யார் வந்து சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு வீட்டின் மேல் சந்தேகம் இருக்கிறது, பெயர் சொன்னால் மடலில் போட மாட்டார்கள்.

சத்தத்தைக் கூட நான் பொறுத்துக்கொண்டேன். முடியாமல் கிடந்ததுதான் எனக்கு ஆகவில்லை. நீ எதை முடித்தாய்? பாதர் ஆகக் குருமடத்துக்குப் போனாய், பாதியில் வந்தாய். பி.எஸ்சி. சேர்ந்தாய், கடைசி வருஷம் எழுதவில்லை. பெண் பார்த்து, பூ வைத்து, அதையும் வேண்டாம் என்றாய். ஃபேக்டரி வேலையையாவது கடைசி வரை பார்ப்பாய் என்றால், வி.ஆர்.எஸ். கொடுக்கிறார்கள் என்று முதல் ஆளாய்க் கையெழுத்துப் போட்டாய். “எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடா நீ?” என்று நான் கேட்காத நாள் கிடையாது. சோறு போடும்போது கேட்பேன், விருந்தாளிகள் முன்னால் கேட்பேன். நீ மோரை ஊற்றிக்கொண்டு, “முடிச்சிருவேன்க்கா” என்பாய்.

அதில் உனக்கு ஒரு பழக்கம். தகடுகளை முதலிலேயே மொத்தமாக வெட்டி, ஓட்டை போட்டு, எழுத்துப் பொறித்து வைத்துவிடுவாய். உள்ளே வைக்கும் சர்க்யூட் போர்டு எப்போதோ வரும். “முதல்ல மூஞ்சி, அப்புறம்தான்க்கா மூளை” என்பாய். தகடு வெட்டும் பட்டறைக்கு அடிக்கடி அலைய முடியாது என்று காரணம் சொன்னாய். இந்த மாதிரிப் பெட்டி செய்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தானாம். அப்போதே நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் செந்தில் வந்தான். எஸ்.பி. ரோட்டுக் கடையில் இருந்த ஒரே ஐ.சி.க்கு நீயும் அவனும் கை நீட்டினீர்களாம், பேச்சு வளர்ந்து, அவன் பைக்கிலேயே வீட்டுக்கு வந்து இறங்கினாய். ஈரோட்டுப் பக்கத்துப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனி, இடுப்பில் மொபைல், லிங்கராஜபுரத்தில் ஒண்டி ரூம். இன்டர்நெட்டில் இருந்து சர்க்யூட் படங்களாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பான். ஓசியில் இப்படி யாராவது செய்வார்களா?

“இவனுக்கு என்னடா வேணும் நம்ம வீட்ல?”

“ஒண்ணும் வேணாம்க்கா. அவனுக்குச் சத்தம் புடிக்கும்.”

“சத்தம் புடிச்சா மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கட்டுமே. பாத்து இரு. நீ கண்டுபுடிச்சத எல்லாம் காப்பியடிச்சு ஸ்டூடியோக்காரனுங்களுக்கு வித்துருவான்.”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி ரெண்டு வருஷமாக உன்மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன். நீ குடிக்கிறாய் என்று நினைத்தேன். கதவு நிலையில் இடித்துக்கொள்வாய். டம்ளரை மேஜை விளிம்பில் வைத்துக் கீழே போடுவாய். ஸ்கூட்டரை விற்றுவிட்டு, பஸ்ஸே சுகம் என்றாய். பேப்பரை என்னை வாசிக்கச் சொல்லி, “உன் குரல்ல கேட்டாதான்க்கா நியூஸ் மாதிரி இருக்கு” என்று ஐஸ் வைத்தாய். விரல் நுனியில் சுட்ட தழும்பு பார்த்து சிகரெட்டும் உண்டு என்று முடிவு கட்டினேன். நீ தூங்கும்போது உன் வாயை மோந்துகூடப் பார்த்திருக்கிறேன். ஹார்லிக்ஸ் வாசம்தான் வந்தது. அதற்கும் சமாதானம் ஆகவில்லை, ஏதோ போட்டு மறைக்கிறாய் என்று நினைத்தேன்.

நான் ரிட்டயர் ஆன வாரம், “அக்கா, பெட்டி முடிஞ்சிருச்சு” என்றாய். என் காதை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதர், கோயில் குயரில் பாட்டு நடத்தும் பிலோமினா டீச்சர், பக்கத்து வீட்டார் என்று ஒரு அறை கொள்ளாத கூட்டம். எல்லாத் தகடும் போட்டு, எல்லாக் குமிழும் மாட்டி, கண்ணாடி மாதிரி பளபளவென்று துடைத்து வைத்திருந்தாய். தூசி படக்கூடாது என்று பின்பக்கம் கறுப்புத் துணி. செந்தில் கதவோரமாக நின்றான்.

நீ வயரைச் சொருகி நாலைந்து சத்தம் காட்டிவிட்டு, “இப்ப அக்கா வாசிக்கும்” என்றாய். ஐயோ, ஷாக் அடிக்கும் என்று நான் பின்வாங்கினேன். மேல் வரிசையில் ஓரத்துக் குமிழின்மேல் என் கையை வைத்து, அதன்மேல் உன் கையை வைத்துக்கொண்டாய். பெட்டி சாயாமல் இன்னொரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டாய். நான் திருப்பினேன். சத்தம் அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறியது. எதிர்ப்பக்கம் திருப்பினேன், இறங்கியது. “டேய், நான் சொன்னா கேக்குதுடா!” என்று கத்திவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

“முடிச்சிட்டியேடா” என்றேன்.

நீ என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்கு அன்று அவ்வளவு பெருமை, அருள். ஜென்மத்தில் முதல் தடவையாக உன்னைப் பற்றி நாலு பேருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த வருஷமே நீ போய்விட்டாய். காலையில் காபி கொண்டு வந்து எழுப்பினேன், எழவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி தெரியாமலே வரும் என்றார் டாக்டர். அவரையும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன், பிறகு விட்டுவிட்டேன். பங்கு மடலில் உன்னைப் பற்றி, ‘வீட்டிலேயே மாடுலர் சின்தசைசர் செய்து முடித்தவர்’ என்று போட்டார்கள். அந்த ‘முடித்தவர்’ என்ற சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

உன் மாத நினைவுப் பூசைக்குச் செந்தில் வந்தான். திருநீறை அழித்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீ குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அக்கா, அண்ணன் பெட்டிய நான் எடுத்துக்கட்டுங்களா? இல்லீன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. பின்பக்கம் மட்டும் யாரையும் தொறக்க விட்றாதீங்க.”

ஆடிட்டில் இருந்தவளிடம் ஒருத்தன் திறக்காதே என்கிறான். வீட்டுக்கு வந்து, கட்டியிருந்த வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல், உன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கறுப்புத் துணியை விலக்கி, பலகையைக் கழற்றினேன்.

கீழ் வரிசையில் அஞ்சு தகட்டுக்குப் பின்னால் போர்டு இருந்தது. மற்ற எல்லாத் தகடுகளுக்குப் பின்னாலும் வெறுமை. குமிழின் பின்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு வயர் கிடையாது, ஒரு ஐ.சி. கிடையாது. குமிழைத் திருப்பினால் உள்ளே திரும்புகிற கன்ட்ரோல்களில் ஒன்றே ஒன்று மட்டும் ஓரத்தில் நீளமான வயரில் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்துக்கொண்டு போன அவசரத்தில் விட்ட மிச்சம் என்று நினைத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் நீ கண்ணைக் கொடுத்துச் செய்த வேலையை ஒருத்தன் சுரண்டிக்கொண்டு போய்விட்டான், மீதியையும் கேட்கிறான், திறக்காதே என்று புத்தியும் சொல்கிறான்!

செந்திலை வரச் சொன்னேன். வந்தான். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

“போர்டெல்லாம் எங்கடா?”

“அக்கா…”

“என் கையால திருப்பிருக்கேன். சத்தம் ஏறிச்சு, எறங்கிச்சு. பாதரே பாத்தாரு. இப்ப அந்தத் தகட்டுக்குப் பின்னாடி ஒரு மண்ணும் இல்ல. தானா நடந்து போச்சா? இந்த ரூமுக்குள்ள வந்து போனவன் நீ ஒருத்தன்தான்.”

அவன் குனிந்து, கழற்றி வைத்த பலகையை எடுத்துப் பெட்டியை மூடப் பார்த்தான். கடைசியில், “என்னைய என்ன வேணா நெனச்சுக்குங்க அக்கா” என்றான். அவ்வளவுதான். மறுக்கவே இல்லை. மறுக்காதவனை நான் என்னவென்று நினைப்பேன்?

அன்று சாயங்காலமே பிலோமினா டீச்சரிடம் போனேன். அவன் இருக்கும் ரூம் அவர்களுடையதுதான். “டீச்சர், பாம்புக்கு வாடகைக்கு விட்டுருக்கீங்க” என்றேன். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். விஷயம் குயர் வழியாகத் தெரு முழுக்கப் போயிற்று. அவன் பைக்கில் வந்தால் சின்னப் பசங்கள், “திருடன் வர்றான்” என்று பாட ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். என்னென்ன போயிற்று என்று கேட்பார்களே, சரியாகச் சொல்ல வேண்டுமே என்று, போர்டு உள்ள ஒரு தகட்டையும், காலியான ஒரு தகட்டையும் கழற்றி, சாப்பாட்டு மேஜையில் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த ஓரத்துக் குமிழ், நான் திருப்பிய தகடுதான் காலியானது.

ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் பின்னால் மூன்று கால் இருக்கும், அதில்தான் வயரை வைத்து ஈயம் பற்றவைப்பாய். போர்டு உள்ள தகட்டில் அந்தக் கால்கள் எல்லாம் ஈயம் திரண்டு, கறுத்து, அழுக்காக இருந்தன. காலித் தகட்டில் பார்த்தேன். கடையிலிருந்து வந்தபடி பளிச்சென்று இருந்தன. ஓடிப்போய் மற்ற தகடுகளையும் பார்த்தேன். எல்லாம் பளிச்.

உன்னோடு இத்தனை வருஷம் இருந்ததில் இந்த ஒன்று எனக்குத் தெரியும். ஈயம் ஒரு தடவை பட்டால் முழுசாகப் போகாது. வயரை வெட்டினாலும், சூடு பண்ணி உருவினாலும், காலில் ஒரு பூச்சு நின்றுவிடும். நீ ஒரு தப்பைத் திருத்தும்போதெல்லாம் இதைச் சொல்லித்தானே முணுமுணுப்பாய்? இந்தக் கால்களில் ஈயமே பட்டதில்லை. அங்கே எதுவும் திருடு போகவில்லை. திருட அங்கே எதுவும் இருந்ததே இல்லை.

செந்தில் திருடன் இல்லை என்றால், பொய் சொன்னது யார்? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு, முடிஞ்சிருச்சு என்று நீ சொன்ன ஒன்றை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. சரி, நீ பொய்தான் சொன்னாய். அப்படியென்றால் நான் திருப்பும்போது சத்தம் ஏறியதே, அது எப்படி?

அந்தத் தகட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரம் போனேன். அவன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். தகட்டை அவன் கட்டிலில் வைத்தேன்.

“இதுல ஈயமே படல.”

அவன் பார்த்தான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“ஏன்டா சொல்லல? திருடன்னு சொல்றேன், வாங்கிக்கிட்டு நிக்கிற?”

“அண்ணன் சத்தியம் வாங்கிட்டாருங்க அக்கா.” தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் சொன்னான். “அண்ணனுக்குக் கண்ணு போயிருச்சுங்க. சர்க்கரையில. நடுவுல எல்லாம் மறைச்சுக்கிச்சு, ஓரத்துல மட்டும் லேசா நெழல் மாதிரி தெரியுதுன்னாரு. நான்தான் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

“எனக்கு ஏன் தெரியல?”

“உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானுங்க அவ்வளவு பாடுபட்டாரு. ஈயம் உருக்கற அயர்ன் முனை தெரியாம வெரல் வெரலா சுட்டுக்குவாரு. அப்புறம் விட்டுட்டாரு. ஆனா சாயங்காலம் நீங்க ஆபீஸ்ல இருந்து வர்ற நேரத்துக்கு அயர்ன சூடு பண்ணி, ஃப்ளக்ஸ் பசையில ஒரு தொடு தொட்டு எடுப்பாருங்க. பொகை வரணும்ல. ‘வேலை நடக்கலன்னா அக்கா மோந்தே கண்டுபுடிச்சிரும்டா’ம்பாரு.”

அந்தப் புகையை நான் தினமும் திட்டியிருக்கிறேன். கேட்டைத் திறக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஆரம்பிச்சிட்டான்” என்பேன்.

“நீ பண்ணிக் குடுத்திருக்கலாமே? உனக்குத் தெரியும்ல?”

“கேட்டனுங்க. ஒத்துக்கவே இல்ல. ‘என் பேர்ல உன் வேலையா? அக்கா ஆடிட்ல மாட்டிக்குவேன்டா’ன்னு சிரிச்சாரு. ‘எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அக்கா ரிட்டயர் ஆகறப்ப முடிஞ்சிருச்சுன்னு சொல்லணும். அவ கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போயிட்டா’ன்னாரு. நட்டு முறுக்கறது கைத்தடவல்லயே வரும்ல, தகடு பூராத்தையும் அவரேதான் மாட்டுனாரு.”

நான் கடைசியாக அதைக் கேட்டேன். “அப்ப நான் திருப்புனப்ப எப்படிடா சத்தம் ஏறிச்சு?”

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். “பின்னாடி வயர்ல ஒரு கன்ட்ரோல் தொங்குதுங்கள்ல. அது அண்ணனோட இன்னொரு கையில இருந்துச்சுங்க. உங்க கை திரும்பறது அவருக்குத் தெரியாதே. அதான் ஒரு கைய உங்க கைமேல வெச்சுக்கிட்டாரு. நீங்க எவ்வளவு திருப்பறீங்களோ, அவ்வளவு அந்தக் கையில திருப்புனாரு.”

அருள், அங்கேயே, ஒரு அந்நியப் பையன் ரூமில், வாய்விட்டு அழுதேன். உன்னைப் புதைக்கும்போதுகூட அப்படி அழவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன உன்னைத் தின்றுவிடவா போகிறேன்? கண் தெரியாத தம்பியிடம் முடித்தாயா என்று எந்த அக்கா கேட்பாள்? நீ என் கையைப் பிடித்தது என்மேல் இருந்த பாசத்திலா, என்மேல் இருந்த பயத்திலா? ராத்திரி பகலாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி பயம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். மொத்தமும் பயம் என்றால் எனக்குத் தாங்காது.

கிளம்பும்போது செந்தில் வாசல்வரை வந்தான். “அக்கா, யாருக்கும் சொல்லிறாதீங்க. நான் எப்படியும் காலி பண்றேன், மடிவாளா பக்கம் ரூம் பாத்துட்டேன். என்னைய இங்க யாருக்குத் தெரியும்? அண்ணன் முடிச்சாருன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருக்காங்க. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து அவனை மறுபடி சந்தேகப்பட்டேன். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா, இதில் அவனுக்கு என்ன ஆதாயம் என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆதாயம் ஒன்றும் கிடைக்கவில்லை. ரூம் போச்சு, பெயர் போச்சு, பெட்டியும் கிடைக்கவில்லை. உனக்காகச் சும்மா இருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரம் எனக்கு நரகம். நான் வாயை மூடிக்கொண்டால் நீ முடித்தவனாகவே இருப்பாய், அவன் திருடனாகவே இருப்பான். உண்மையைச் சொன்னால் அவன் தப்பிப்பான், உனக்கு இருந்த அந்த ஒரே ஒரு ‘முடித்தவர்’ போய்விடும். அந்தச் சொல்லை நானே உன்மேல் இருந்து உருவ வேண்டும். உனக்கு அதை எவ்வளவு நாள் கொடுக்காமல் வைத்திருந்தவள் நான்!

ஆனாலும் உயிரோடு இருக்கிற பையன் தெருவில் தலை குனிந்து போகிறான், அருள். உன் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன். நீ இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வாய் என்று நான் சொல்ல மாட்டேன். நீ வேண்டாம் என்றுதான் சொல்வாய். உன் பேச்சை நான் எந்தக் காலத்தில் கேட்டேன்?

இன்று காலை பிலோமினா டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். “எனக்கு மொதல்லயே தெரியும், அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்லன்னு” என்கிறார்கள். காலி பண்ணச் சொன்னது யார் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். ரூமில் இருந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் டீச்சரிடம் மட்டும் சொன்னால் போதாது. நான் திருடன் என்று சொன்னது எத்தனை வாசலுக்குப் போயிருக்கிறதோ, அத்தனை வாசலுக்கும் இதுவும் போக வேண்டும். அதற்குத்தான் பங்கு மடல்.

ஆகவே படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். செந்தில் எதையும் எடுக்கவில்லை. என் தம்பியின் பெட்டியில் அஞ்சு தகட்டுக்குத்தான் உள்ளே ஏதாவது இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் மூஞ்சி. அவன் அதை முடிக்கவில்லை. அவனுக்குக் கண் தெரியவில்லை, அதை என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அருள். அந்தக் காலித் தகடுகளை யாரையும் நிரப்ப விடமாட்டேன், செந்திலைக்கூட. பார்க்க வருகிறவர்கள் கேட்டால் பின்பக்கத்தை நானே திறந்து காட்டுவேன். இது அவன் செய்தது, இங்கே அவனுக்குக் கண் போயிற்று என்று விரல் வைத்துச் சொல்வேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். முடித்தானா என்று மட்டும் என் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால், பாதராகவே இருந்தாலும், கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன்.

இன்னும் உன்மேல் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்த
ரோஸி அக்கா